முத்துலட்சுமி அம்மாளின் பரவசம்

எனக்குப் பிறகு கோர்ட்டில் என் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் ரெஹானா போன வாரம் போன் செய்தாள். அங்கே இப்போது மொழிபெயர்ப்புக்கு ஒரு மென்பொருள் வந்திருக்கிறது. தமிழ்க் கடிதத்தைப் படம் பிடித்துக் கொடுத்தால், தும்மி முடிப்பதற்குள் மலையாளத்தில் வந்துவிடுகிறதாம். சரிபார்த்துக் கையெழுத்துப் போடுவது மட்டுமே அவள் வேலை.

“ஜமீலத்தா, ஒரு சம்சயம். தமிழ்ல ‘பரவசம்’னு இருக்கு. மெஷினும் மலையாளத்துல அதையேதான் போட்டிருக்கு. விட்டுடட்டா?”

“பேனாவைக் கீழ வை,” என்றேன். “கையெழுத்து மட்டும் போட்டுடாதே.”

அப்புறம் அரை மணி நேரம் பேசினேன். பேசி முடித்தபோது என் சாயா ஆறி ஆடை கட்டியிருந்தது. பேசியதை எழுதியும் வைத்துவிடலாம் என்று தோன்றியது.

நான் மட்டாஞ்சேரிக்காரி. அத்தா பாலக்காட்டு ராவுத்தர். இங்கே ஒரு கிடங்கில் சுக்குக்கும் மிளகுக்கும் தரம் பார்க்கும் வேலை. வீட்டுக்குள் தமிழ், வாசற்படி தாண்டினால் மலையாளம். பள்ளிக்கூடத்தில் மலையாளமே. தமிழ் எழுத்தை அம்மா பத்திரி என்னும் அரிசி ரொட்டிக்குப் பரப்பிய மாவில் விரலால் எழுதிக் காட்டினார். அதற்குப் பிறகுதான் பத்திரி சுடுவார். பரீட்சை எழுதி, எறணாகுளத்தில் கோர்ட்டுத் தமிழ் மொழிபெயர்ப்பாளராகச் சேர்ந்தேன். பயிற்சி என்று எனக்குக் கிடைத்தது ஒரே ஒரு கதைதான். முதல் நாளன்று அதைச் சொன்னவர் மாதவன் நம்பீசன். அப்போது கிளார்க், பின்னாளில் சிரஸ்தார், அதாவது எங்கள் ஆபீசுக்கே தலைவர்.

கதை இது. கட்டட வேலைக்கு வந்த தமிழர் ஒருவர் சாட்சி சொல்ல ஏறியிருக்கிறார். மொழிபெயர்ப்பாளர் இல்லாத காலம். வக்கீல் குமாஸ்தா ஒருவர், தனக்குத் தமிழ் தெரியும் என்று முன்வந்திருக்கிறார். குடும்ப விவரம் கேட்டதற்குச் சாட்சி, “சம்சாரம் இல்லீங்க. போன வருசம் கோவிச்சுக்கிட்டுப் போயிருச்சு,” என்றாராம். தமிழில் சம்சாரம் என்றால் மனைவி, மலையாளத்தில் பேச்சு. குமாஸ்தா, சாட்சிக்குப் பேச்சு இல்லை, போன வருடம் கோபித்துக்கொண்டு போய்விட்டது என்று எடுத்துச் சொல்ல, நீதிபதி மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டாராம்: “பின்னே இப்போ சம்சாரிக்குந்நது ஆரா?” அப்படியானால் இப்போது பேசுவது யார்?

நம்பீசன் இதைச் சிரிக்காமல் சொன்னார். நான் சிரித்தேன். சிரித்து முடிக்கும்வரை காத்திருந்துவிட்டு, “அதுக்குத்தான் ஜமீலாவுக்கு இங்க சம்பளம்,” என்றார்.

அவருக்குத் தமிழ் ஓர் எழுத்துகூடத் தெரியாது. ஆனாலும் என் மொழிபெயர்ப்பு அவர் கண்ணில் படாமல் வெளியே போனதில்லை. ஸ்டீல் ஸ்கேலை ஒரு வரிக்கு அடியில் வைப்பார். தமிழில் அந்த வரியில் எத்தனை முற்றுப்புள்ளி, மலையாளத்தில் எத்தனை என்று எண்ணுவார். ஒன்று கூடினாலும் நீலப் பென்சிலால் சுழித்து என் மேசைக்குத் திருப்பி அனுப்புவார். சாட்சி அழுதால் நான் அழக்கூடாது. சாட்சி திட்டினால் நான் அதே காரத்தில் திட்ட வேண்டும். சாட்சி ‘நான்’ என்றால் நானும் ‘ஞான்’ என்றே சொல்ல வேண்டும். ‘அவர் சொல்கிறார்’ என்ற பேச்சே கிடையாது. இப்படி நான் பணிவாழ்க்கையில் எத்தனையோ பேரை அடித்திருக்கிறேன், இரண்டு படகு திருடியிருக்கிறேன், ஒருமுறை ஒரு கோவில் யானையை மிரட்டியும் இருக்கிறேன்.

அவர் விதிகள் மூன்று. கூட்டாதே. குறைக்காதே. இரண்டு மொழியிலும் ஒரே சொல் இருந்தால் அதைத் தொடாதே. என்னைக் கவிழ்த்தது மூன்றாவது விதி.

மட்டாஞ்சேரியில் தோசை மாவு விற்கும் முத்துலட்சுமியை எனக்கு முகத்தால் தெரியும். கம்பம் பக்கத்திலிருந்து கணவனோடு பிழைக்க வந்தவர். மகன் செந்திலுக்கு இரண்டு வயதாகும்போது கணவன் போய்ச் சேர்ந்தார். அதற்குப் பிறகு முப்பது வருடம் ஒரே கடை, இரண்டு கிரைண்டர். கிரைண்டர் ஓடும் நேரமெல்லாம் தமிழ் வார இதழ்களில் தொடர்கதை படிப்பார். மாவு வாங்கப் போனால், கதாநாயகி ரயிலைப் பிடித்தாளா இல்லையா என்று தெரிந்த பிறகுதான் பாத்திரம் நம் கைக்கு வரும்.

அந்தக் கடைக்கு வாடிக்கையாக வந்தவர் வர்கீஸ் சேட்டன். ஃபோர்ட் கொச்சிக்கும் வைப்பினுக்கும் இடையே ஓடும் படகில் சிராங்காக, அதாவது படகு ஓட்டியாக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி காலமாகி வெகுநாளாயிற்று. பிள்ளை கிடையாது. தினமும் மாவு வாங்குவார். இரண்டு வருடம் கழித்துத்தான் அவருக்குத் தோசை சுடவே தெரியாது என்ற உண்மை வெளிவந்தது. வாங்கிய மாவெல்லாம் பக்கத்து வீடுகளுக்குப் போய்க்கொண்டிருந்தது.

முத்துலட்சுமிக்கு ஐம்பத்தாறு, அவருக்கு அறுபத்திரண்டு. இருவரும் பதிவுத் திருமணம் செய்வதென்று முடிவெடுத்து, பதிவு அலுவலகத்தில் கல்யாண நோட்டீசில் கையெழுத்திட்டார்கள். அந்த நோட்டீஸ் முப்பது நாள் பலகையில் இருக்கும். ஆட்சேபம் உள்ளவர்கள் அதற்குள் சொல்ல வேண்டும். சொன்னது செந்தில்.

செந்தில் ஏலூரில் ஒரு தொழிற்சாலையில் வெல்டர். அங்கேயே குடியிருந்தான். போனில் சொன்னால் கத்துவான், கடிதத்தில் கத்த முடியாது என்று கணக்குப் போட்ட முத்துலட்சுமி அவனுக்குக் கடிதம் எழுதியிருந்தார். அம்மாவுக்குத் தெரிந்தது தமிழ் எழுத்து, மகன் படித்தது மலையாள எழுத்து. எழுத்துக் கூட்டித் தமிழ் வாசிப்பான், அவ்வளவுதான். அந்தக் கடிதத்தில் இருந்த பகுதி இது:

‘நேற்று நோட்டீசில் கையெழுத்துப் போட்டோம். கையெழுத்துப் போடும்போது நான் பரவசத்தில் இருந்தேன். கை நடுங்கியது. கண் இருட்டியது. என்ன எழுதினேன் என்றே நினைவில்லை. வெளியே வந்து படியில் உட்கார்ந்துவிட்டேன். அவர்தான் கையைப் பிடித்துக் கூட்டி வந்தார்.’

தமிழில் பரவசம் என்றால் ஆனந்தத்தின் உச்சி. மலையாளத்தில் அதே சொல்லுக்குச் சோர்வு, தளர்ச்சி என்று பொருள். பசித்துப் பரவசமாவார்கள், தாகத்தில் பரவசமாவார்கள், வெயிலில் நடந்து பரவசமாவார்கள். செந்தில் வாசித்தது இதுதான்: அம்மா மயங்கி விழும் நிலையில் இருந்திருக்கிறாள், யாரோ ஒருத்தன் கையைப் பிடித்துக் கையெழுத்து வாங்கிவிட்டான். எந்த மகன் சும்மா இருப்பான்? அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்காமல் நேராக ஒரு வக்கீலிடம் போய்விட்டான். பதிவு அலுவலகம் ஆட்சேபத்தை ஏற்றுக் கல்யாணத்தை நிறுத்தியது. முத்துலட்சுமியும் வர்கீஸும் மேல்முறையீட்டுக்கு எங்கள் கோர்ட்டுக்கு வந்தார்கள்.

கடிதத்துக்கு அதிகாரபூர்வ மொழிபெயர்ப்பு வேண்டுமென்று உத்தரவு. அது என் மேசைக்கு வந்தது ஒரு வெள்ளிக்கிழமை மதியம். அன்று மேசையில் வேறு ஒன்பது தாள் இருந்தது. நான் மலையாளத்தில் எழுதினேன்: ‘ஒப்பிடும்போள் ஞான் பரவசயாயிருந்நு.’ ஒப்பிடுவது என்றால் மலையாளத்தில் கையெழுத்திடுவது. பரவசம் ஒரே சொல், தொடவில்லை. நம்பீசன் ஸ்கேலை வைத்தார், புள்ளிகளை எண்ணினார், முத்திரை குத்தினார்.

விதிமேல் பழியைப் போட்டுவிடலாம். ஆனால் உண்மை அதுவல்ல. ஐம்பத்தாறு வயதுப் பெண், நாள் முழுக்க மாவாட்டுகிறவர், கை நடுங்கியது, கண் இருட்டியது. களைப்பு என்றுதான் என் மனமும் சொன்னது. வேறு எதுவாகவும் இருக்கலாம் என்று தோன்றவே இல்லை. இருபது வயதுப் பெண் அதே வரிகளை எழுதியிருந்தால் நான் நிச்சயம் நிறுத்தி யோசித்திருப்பேன்.

விசாரணை நாள் வந்தது. முத்துலட்சுமி கிளிப்பச்சைப் பட்டு கட்டிக்கொண்டு கூண்டில் ஏறினார். வர்கீஸ் சேட்டன் வெள்ளைச் சட்டையில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, கர்ச்சீப்பைப் பிழிந்துகொண்டிருந்தார். செந்தில் எதிர்ப்பக்கம் தலை குனிந்து நின்றான். நான் என் இடத்தில், கூண்டுக்கும் மேடைக்கும் நடுவில்.

நீதிபதி என் மொழிபெயர்ப்பை வாசித்தார். பிறகு மலையாளத்திலேயே, வெகு பரிவாகக் கேட்டார். “ஒப்பிடும் சமயத்து அம்மா பரவசயாயிருந்நோ?”

முத்துலட்சுமிக்கு முப்பது வருடக் கடை மலையாளம் தெரியும். அந்தச் சொல்லும் காதில் விழுந்துவிட்டது. நான் வாய் திறப்பதற்குள் பதில் சொல்லிவிட்டார்.

“ஆமா சார்! அம்புட்டுப் பரவசம்! சொல்லி மாளாது!”

செந்தில் கையால் கண்ணைப் பொத்திக்கொண்டான். நீதிபதி வருத்தத்தோடு தலையசைத்தார். தட்டச்சு செய்பவர் ‘உவ்வு’ என்று அடித்துவிட்டார். ஆம், சோர்ந்திருந்தேன். மனுஷி தன் வாயாலேயே ஒப்புக்கொண்டாயிற்று.

நான் முத்துலட்சுமியின் முகத்தைப் பார்த்தேன். வாய் காதுவரை போயிருந்தது. கன்னம் சிவந்திருந்தது. சோர்ந்து விழுந்ததைச் சொல்லும் எவர் முகமும் அப்படி இருக்காது.

மொழிபெயர்ப்பாளர் கேட்காமல் பேசக்கூடாது. கேட்காமல் நான் பேசியதும் கிடையாது. நம்பீசன் தன் மேசையிலிருந்து நிமிர்ந்து பார்த்தார். நான் அவரைப் பார்க்காமல் மேடையைப் பார்த்தேன்.

“சார், மொழிபெயர்ப்பில் பிழை இருக்கிறது.”

“யார் செய்த மொழிபெயர்ப்பு?”

“என்னுடையது.”

“பிழை?”

“அதுவும் என்னுடையது, சார்.”

தமிழில் அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று சொன்னேன். மலையாளத்தில் அதற்கு ஈடாக என்ன போடலாம் என்று நீதிபதி கேட்டார். அவசரத்தில் எனக்கு வந்தது ‘ஆனந்தமூர்ச்சை’. சொல்லி முடித்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டேன். செந்திலின் வக்கீல் எழுந்துவிட்டார்.

“மூர்ச்சை! மயங்கினார் என்று மொழிபெயர்ப்பாளரே சொல்லிவிட்டார்!”

கோர்ட்டில் ஒரு சிரிப்பு ஓடியது. “ஆஹ்லாதம்,” அதாவது மகிழ்ச்சி, என்று திருத்தினேன். காதே எரிந்தது.

வக்கீல் விடவில்லை. அவர் சமஸ்கிருதம் படித்தவர், அதைக் காட்ட வருடக்கணக்காகக் காத்திருந்தவர் போலிருந்தது. “தமிழில் என்ன பொருள் வேண்டுமானாலும் இருக்கட்டும். சொல்லின் பிறப்பு என்ன? பர என்றால் பிறர். வசம் என்றால் பிடி. பரவசம் என்றால் பிறர் பிடியில் இருப்பது. ஆக, இந்த அம்மா வேறொருவர் பிடியில் இருந்து கையெழுத்திட்டிருக்கிறார். எங்கள் ஆட்சேபமும் அதுதானே!”

நல்ல அடி. நீதிபதியே ரசித்தார். என் பக்கம் திரும்பி, “சொல்லின் பிறப்பு அப்படித்தானா?” என்றார்.

பொய் சொல்ல வழியில்லை. “அப்படித்தான் சார். தன் பிடியை விட்டு வேறொன்றின் பிடிக்குப் போவது. மலையாளத்தில் அது பசியின் பிடி, தாகத்தின் பிடி, களைப்பின் பிடி என்று போய்விட்டது. தமிழில் சந்தோஷத்தின் பிடி என்று நின்றுவிட்டது. இரண்டு வீட்டுக்கும் பாட்டன் ஒருவர்தான்.”

“அப்படியானால்,” என்றார் நீதிபதி, “யார் பிடியில் இருந்தார் என்று அவரிடமே கேளுங்கள். இந்தத் தடவை நீங்களே தமிழில் கேளுங்கள்.”

நான் முத்துலட்சுமியின் பக்கம் திரும்பினேன். “கையெழுத்துப் போடும்போது நீங்க யார் வசத்துல இருந்தீங்கம்மா?”

அவர் அதுவரை சிரித்துக்கொண்டிருந்தார். இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் யோசித்தார். கூண்டின் கட்டையில் விரலால் தேய்த்தார்.

“முப்பது வருசமா என் வசத்துலதாங்க இருந்தேன். விடியக்காலம் எந்திரிக்கிறதும் என் வசம், உளுந்து ஊறப்போடுறதும் என் வசம். அழுகை வந்தா அடக்குறதும் என் வசம். ஒரு நா பிடி விட்டா, பிள்ளை என்னாவான்? கடை என்னாகும்? அன்னிக்கு அந்தப் பேனாவைக் கையில வாங்குனப்ப ஒரு பத்து நிமிசம் நான் என்னைய விட்டுட்டேன். யாரும் என்னையப் பிடிக்கல சார். நானே என்னையப் பிடிக்கல. அது எம்புட்டுச் சொகமா இருந்துச்சு தெரியுமா?”

இதை நான் ‘ஞான்’ என்று சொல்ல வேண்டும். முப்பது வருடமாக ஞான் என்டெ வசத்தில் இருந்தேன் என்று தொடங்கினேன். எனக்கும் இரண்டு பெண் பிள்ளைகள், அப்போது கணவர் படுக்கையில், காலையில் ஆறே காலுக்கு எறணாகுளம் போகும் படகு. ‘அழுகை வந்தால் அடக்குவதும் என் வசம்’ என்ற இடத்தில் என் குரல் நின்றுவிட்டது. கூட்டாதே, குறைக்காதே. மிச்சத்தையும் குறைக்காமல் சொன்னேன்.

நீதிபதி தலை குனிந்து எதையோ எழுதிக்கொண்டிருந்தார். முத்துலட்சுமி அதைத் தப்பாக எடுத்துக்கொண்டார். தன் சாட்சியம் போதவில்லை என்று நினைத்தாரோ என்னவோ, சேர்த்துக்கொண்டார்.

“சார், அன்னிக்கு நான் உளுந்து ஊறப்போடவே மறந்துட்டேன். மறுநா கடையில மாவு இல்ல. வேணும்னா எங்க தெருவுல யாரையும் கேளுங்க. ஒரு வீட்டுலயும் தோசை இல்ல!”

நான் அதையும் முழுதாக மொழிபெயர்த்தேன். நீதிபதி சிரித்தார். வக்கீல்கள் சிரித்தார்கள். சொல்லின் பிறப்பைக் கண்டுபிடித்த அந்த வக்கீலும் தலையை ஆட்டிக்கொண்டே உட்கார்ந்துவிட்டார். சிரிக்காதவன் செந்தில் ஒருவன்தான்.

“அம்மா,” என்றான். கோர்ட்டு என்பதையே மறந்துவிட்டான். “நான் ஒவ்வொரு எழுத்தா கூட்டித்தான் வாயிச்சேன். நீ க்ஷீணிச்சு விழுந்துட்டேன்னுதான் நெனச்சேன். அந்தாளு உன்னைய இழுத்துட்டுப் போனான்னு…”

“ஏண்டா, என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கக்கூடாதா?”

“கேட்டா அதையும் மறைப்பேன்னு நெனச்சேன். நீ எப்பவும் முடியலைன்னாலும் மறைப்பேல்ல.”

முத்துலட்சுமி கூண்டிலிருந்து கையை நீட்டினார், எட்டவில்லை. நீதிபதி ஆட்சேபம் இனியும் உண்டா என்று கேட்டார். இல்லை என்று செந்தில் தலையை மட்டும் அசைத்தான். தலையசைப்பைப் பதிவு செய்ய முடியாது, வாயால் சொல்ல வேண்டும் என்று நம்பீசன் எழுந்து சொன்னார். “இல்லா,” என்றான். பத்தே நிமிடத்தில் உத்தரவு வந்தது.

பிழைக்கு நான் எழுத்து மூலம் விளக்கம் கொடுக்க வேண்டியிருந்தது. கவனக்குறைவு என்று நாலு வரி எழுதி நம்பீசன் மேசையில் வைத்தேன். மறுநாள் அதன் நகல் என்னிடம் வந்தது. என் கையெழுத்துக்குக் கீழே அவர் கையால் ஒரு வரி: ‘இரண்டு மொழியிலும் ஒரே சொல் இருந்தால் தொட வேண்டாம் என்ற உத்தரவு என்னுடையது.’ அந்த வாரத்திலிருந்து அவர், இரண்டு மொழியிலும் பொதுவாக இருக்கும் சொல் எது வந்தாலும் கூப்பிட்டு, “இது அவிடத்தேயும் இதுதானா?” என்று கேட்க ஆரம்பித்தார். ‘சோறு’ என்பதற்குக்கூடக் கேட்டார்.

கல்யாணத்துக்கு மூன்று சாட்சி வேண்டும். முத்துலட்சுமி என்னைக் கூப்பிட்டார். வழக்கு முடிந்துவிட்டதால் போவதில் தவறில்லை என்று நம்பீசன் சொன்னார். நான் அரை நாள் விடுப்புப் போட்டுப் பதிவு அலுவலகத்துக்குப் போனேன். வைப்பினிலிருந்து வர்கீஸ் சேட்டனின் பழைய படகுத் தோழர் ஒருவர் வந்திருந்தார். மூன்றாவது சாட்சி செந்தில். மாப்பிள்ளையோடு ஒரு வார்த்தை பேசாமல், சுவரோரமாகக் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

முத்துலட்சுமி முதலில் கையெழுத்திட்டார். நிதானமாக, தலைப்பெழுத்து, புள்ளி, எல்லாம் வைத்து. பேனாவை வர்கீஸ் சேட்டனிடம் கொடுத்தார். அவர் வாங்கினார். ‘வ’ போட்டார். அப்படியே கறிவேப்பிலைக் கொத்துப் போலத் துவண்டு நாற்காலியில் சரிந்தார்.

ஆடிமாதக் கடலில் படகு ஓட்டிய மனிதர். பதற்றத்தில் முந்தைய நாள் மதியத்திலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடித்திருக்கவில்லையாம்.

“அய்யோ சிராங்கு!” என்று முத்துலட்சுமி அலறினார். படகுத் தோழர் விசிறக் காகிதம் தேடினார்; பதிவேட்டையே எடுக்கப் போனவரைக் குமாஸ்தா தடுத்தார். நான் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றேன். சுவரோரம் பார்த்தேன், செந்திலைக் காணோம்.

அவன் தெருவைத் தாண்டி எதிர்க்கடைக்கு ஓடியிருந்தான். உப்புப் போட்ட நாரங்கா வெள்ளம் என்கிற எலுமிச்சைத் தண்ணீரும் இரண்டு வாழைப்பழமுமாக மூச்சிரைக்கத் திரும்பி வந்தான். வர்கீஸ் சேட்டனின் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டு, கிளாசை உதட்டில் வைத்தான்.

“குடிங்க. மெதுவா. நீங்க விழுந்தா எங்கம்மா என்னையத்தான் கேக்கும்.”

அவர் குடித்தார். பழத்தைச் செந்திலே உரித்துக் கொடுத்தான். ஒன்று முடிந்ததும் இரண்டாவதையும் உரித்தான். முகத்தில் ரத்தம் திரும்பியது.

பதிவு அலுவலர் கறாரான மனுஷி. இந்த நிலையில் கையெழுத்து வாங்கினால் நாளைக்குப் பிரச்சினை வரும் என்று பேனாவை மூடி வைத்துவிட்டார். மூடியவர் செந்திலை ஏற இறங்கப் பார்த்தார். ஆட்சேபம் கொடுத்தவன் என்று நினைவிருந்திருக்கும்.

“இனி வல்ல ஆட்சேபமும் உண்டோ?”

செந்தில் வாழைப்பழத் தோலைக் கையில் வைத்துக்கொண்டே நிமிர்ந்தான்.

“ஒண்ணும் இல்லா மேடம். ஆளு நல்ல ஆளுதான். வயிறுதான் காலி.”

பேனாவின் மூடியை அவனே கழற்றி, வர்கீஸ் சேட்டனின் விரல்களுக்கு நடுவில் வைத்தான்.